நல்ல எண்ணெய், நல்லெண்ணெய்

உனக்குக் கொழுப்பு அதிகம் என்று என்னிடம் முதன்முதலில் சொன்னவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். பிறகு அப்பா சொன்னார். கல்யாணமான வாரத்திலேயே மனைவி சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஃபோர்மன் மராத்தியில் சொன்னார். மராத்தியிலும் கொழுப்புக்கும் திமிருக்கும் ஒரே சொல்தான். ஆனால் இவர்கள் யாரிடமும் ஆதாரம் கிடையாது. எழுபதுகளின் கடைசியில், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த தீபாவளிப் பலகாரங்களை யார் மனமும் நோகாமல் தின்று தீர்த்த கையோடு, என் கையில் ஊசி குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, காகிதத்தில் எண் போட்டு அதை நிரூபித்துவிட்டார்கள்.

நான் அப்போது புனேயை ஒட்டிய கட்கியில் ஒரு தொழிற்சாலையில் தீயணைப்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வெடிக்கிற சாமான்கள் செய்யும் இடம். வாசலில் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். தீக்குச்சியே நுழையாத இடத்தில் தீ எப்படி நுழையும்? ஆகவே என் வேலை பெரும்பாலும் வண்டியைக் கழுவுவது, துடைப்பது, பித்தளை மணியைப் புளி போட்டு விளக்குவது, பிறகு அதன் பக்கத்தில் நின்று என் முகத்தை அதில் பார்த்துக்கொள்வது. பயிற்சி நாட்களில் மட்டும் மணியடித்துக்கொண்டு கட்கி பஜார் வழியாக ஒரு சுற்றுப் போய்வருவோம். பழக்கடைக்காரர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு பார்ப்பார். டாங்காக் குதிரைகள் ஒதுங்கும். அந்தச் சாலையில் என் பெயர் யாருக்கும் தெரியாது. வண்டியைத் தெரியாதவர் கிடையாது. அதை ஓட்டும்போது நானும் அழகாகத்தான் இருந்திருப்பேன் என்பது என் கணிப்பு. மனைவியின் கணிப்பு வேறு.

நாற்பது தாண்டிய ஓட்டுநர்களுக்கு வருடாவருடம் உடல் சோதனை உண்டு. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். பன்னும் வெண்ணெயும் டீயும் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. சோதனைச் சாலைக்காரர் என் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு அடியில் தங்கிய பிறகு, மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர், வடித்த கஞ்சி மாதிரி நின்றது. பக்கத்துக் குழாய்க்காரரின் நீர் தேன் நிறத்தில் பளபளத்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை, பன்தான் என்றேன். மறுநாள் நிஜமாகவே பட்டினியோடு வந்து மறுபடி கொடுத்தேன். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற கொழுப்பு ஒன்று, எப்போதும் தங்கியிருக்கிற கொலஸ்ட்ரால் ஒன்று, இரண்டும் வேறு வேறு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கஞ்சி தெளிந்துவிட்டது. எண் தெளியவில்லை.

அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். எண்ணெயால் வந்த எண் அது. எங்கள் வீட்டில் பேச்சு வழக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். "எண்ணைக் குறைக்கணும்" என்று நான் போய்ச் சொன்னபோது, மனைவி அடுப்பிலிருந்த வாணலியைத்தான் பார்த்தாள்.

இனி டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மராத்திக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். தெற்கே ஏதோ ஒரு படை மருத்துவமனையில் சில காலம் இருந்ததில் கொஞ்சம் தமிழ் பிடித்துவைத்திருந்தார். தமிழரைக் கண்டால் அந்தத் தமிழை எடுத்து விடுவார். நாங்கள் கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், மராத்தி எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று தெரிந்தாலும் விடமாட்டார். மராத்தியில் பதில் சொன்னால் முகம் வாடிவிடும். தொழிற்சாலைத் தமிழர்கள் அத்தனை பேரும் அவர் மனம் நோகக்கூடாதென்று தங்கள் வியாதிகளைத் தமிழிலேயே சொல்லி, அவருடைய வைத்தியத்தைத் தமிழிலேயே கேட்டுக்கொண்டு, வெளியே வந்து கம்பவுண்டரிடம் மராத்தியில் விசாரித்துக்கொள்வார்கள். அன்று கம்பவுண்டர் விடுப்பு.

"நீ நல்ல எண்ணெய் சாப்பிடு," என்றார் டாக்டர். "கெட்டெ எண்ணெய் நக்கோ. முட்டை மஞ்சள் நக்கோ. மட்டன் நக்கோ. புரிஞ்சுது?"

நக்கோ என்றால் மராத்தியில் வேண்டாம். புரிந்தது என்றேன்.

பிறகு பேனாவை மூடிவிட்டு, அதுவரை இருந்த சிரிப்பையும் மூடிவிட்டு, முக்கியமானதைச் சொன்னார். குளிர்காலம் முடியும்போது மறுபடி ரத்தம் பார்ப்பார். எண் இறங்காவிட்டால் வண்டி ஓட்டத் தகுதி என்று கையெழுத்துப் போடமாட்டார். ஓடும் வண்டியில் ஓட்டுநருக்கு மார்வலி வந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களையும் அல்லவா சேர்த்துக் கொண்டுபோவான். ஆகவே ஸ்டோர்.

ஸ்டோர் என்பது சாமான் அறை. ஒரு ஜன்னல், ஒரு ஸ்டூல். உட்கார்ந்தபடி சோப்பும் மெஷின் துடைக்கும் கழிவுப்பஞ்சும் எடுத்து நீட்ட வேண்டும். எனக்கு முன்னால் வண்டி ஓட்டியவரை முதுகுவலி என்று அங்கேதான் உட்காரவைத்தார்கள். நல்ல கலகலப்பான மனிதர். ஆறு மாதத்தில் சோப்புக் கேட்டால் கையைக்கூட முழுசாக நீட்டமாட்டார், கண்ணால் காட்டுவார். நான் அந்த ஸ்டூலில் உட்காரப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. வெளியே வந்து வண்டியிடம் சொன்னேன்.

மனைவி கன்டோன்மென்ட் பள்ளி ஒன்றில் ஆசிரியை. பாளையங்கோட்டைப் பக்கத்துப் பெண். நான் சொல்லும் எதையும் அப்படியே ஏற்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. மாணவனிடம் வாங்குவது போல ஒவ்வொரு வார்த்தையாக ஒப்பிக்கச் சொல்வாள். டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னேன். நல்ல எண்ணெய் சாப்பிடு. அவள் கையிலிருந்த கரண்டி நின்றது.

"நல்லெண்ணெய்னா சொன்னாவ? நெசமாவா?"

சொன்னார் என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. கட்கிக்கு மருமகளாக வந்த புதிதில் கடையில் போய் எள் எண்ணெய் கேட்டாளாம். கடைக்காரர் ஒரு சின்னக் கரண்டியால் மொண்டு, விளக்குக்குத்தானே, இது போதும் என்றாராம். அதன் பிறகு கேட்கவே இல்லை. ஊருக்கு ஊர் வழக்கம் என்று எல்லாரையும் போலக் கடலை எண்ணெயில் சமைத்தாள். கிறிஸ்துமஸ் முறுக்குக்கும் கேக்குக்கும் வனஸ்பதி டின். அவியலுக்கும் பொரியலுக்கும் ஊரிலிருந்து வரும் தேங்காய் எண்ணெய். எனக்கு மட்டும், சொல்லப்போனால், இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். இத்தனை காலம் மனதுக்குள் வைத்திருந்த ஆசைக்கு இப்போது ஒரு டாக்டரே, அதுவும் ராணுவ டாக்டரே, உத்தரவு போட்டிருக்கிறார்.

"இன்னொண்ணு என்னது? என்ன வேண்டாம்னாவ?"

அங்கேதான் டாக்டரின் உச்சரிப்பு வேலை செய்தது. அவர் கெட்டதைச் சொன்னாரா கெட்டியைச் சொன்னாரா என்று எனக்கே தெளிவில்லை. கெட்டி மாதிரிதான் இருந்தது என்றேன். கெட்டி எண்ணெய் என்றால் என்ன என்று அவள் யோசித்தாள். உறைகிற எண்ணெய் என்று முடிவுக்கு வந்தாள். எது உறைகிறது, எது உறையவில்லை என்று பார்த்துவிட்டால் போயிற்று.

புனே குளிரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பரில் விடிகாலை வண்டியின் ஸ்டீயரிங்கைத் தொட்டால் கை சுரீர் என்று இழுத்துக்கொள்ளும். அந்தக் குளிரை மனைவி சோதனைச் சாலை ஆக்கினாள். வீட்டிலிருந்த எண்ணெய்களை ஆளுக்கொரு டம்ளரில் ஊற்றி, சமையலறை ஜன்னல் விளிம்பில் வெளிப்பக்கமாக வரிசையாக வைத்தாள். காலையில் பரீட்சை முடிவு பார்க்க என்னையும் கூப்பிட்டாள். வனஸ்பதிக்குப் பரீட்சையே தேவையில்லை, அது பிறந்ததிலிருந்தே கெட்டி. தேங்காய் எண்ணெய் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து உறைந்திருந்தது. நெய் மணல்மணலாகக் கட்டியிருந்தது. கடலை எண்ணெய் லேசாகக் கலங்கி, பாஸா ஃபெயிலா என்று தெரியாமல் நின்றது. எண்ணெய்க் குளியலுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த சின்னப் பாட்டில் நல்லெண்ணெய் மட்டும், டம்ளரைச் சாய்த்தால் சாய்ந்தது, நிமிர்த்தினால் நிமிர்ந்தது.

"பாத்தியளா," என்றாள். அவ்வளவுதான். என் ஆகாரத்தின் சட்டம் அன்று காலை இயற்றப்பட்டுவிட்டது. உறைவது உள்ளே வராது.

நானும் என் பங்குக்கு ஒரு சட்டம் போட்டேன். அவித்த காயும் உப்பில்லாக் கஞ்சியும் சாப்பிடமாட்டேன். நோயாளிச் சாப்பாடு சாப்பிட்டால் நோயாளி ஆகிவிடுவேன் என்பது என் வாதம். அவள் சரி என்றாள். ஆனால் கேன்டீன் பஜ்ஜியைத் தொடக்கூடாது, பேக்கரியின் அடுக்கடுக்கான காரி பிஸ்கட்டைத் தொடக்கூடாது, வாரத்தில் ஒருநாள்தான் ஆடு, அதுவும் கொழுப்பு வெட்டியது. சைக்கிளில்தான் வேலைக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிறகுதான் என்ன ஒப்புக்கொண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். கேன்டீன் வாணலியில் வனஸ்பதி சுடச்சுட உருகி நிற்கும்போது பார்க்க அது எண்ணெய் மாதிரிதான் இருக்கும். அதன் சுபாவம் ஆறிய பிறகுதான் தெரியும். சில மனிதர்களும் அப்படித்தான், ஆனால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

அடுத்த வேலை எண்ணெய் வாங்குவது. எனக்குச் சனிக்கிழமை பிற்பகல்தான் நேரம். பஜாரில் மாருதி கோயிலை ஒட்டிய மளிகைக் கடைக்குப் போய், எள் எண்ணெய் ஐந்து கிலோ என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஊரில் சனிக்கிழமையானால் மாருதிக்கும் சனி மகாராஜுக்கும் எள் எண்ணெய் ஊற்றுவார்கள். கஷ்டம் உள்ளவர் ஒரு கரண்டி ஊற்றுவார். பெரிய கஷ்டம் உள்ளவர் ஒரு கிண்ணம். ஐந்து கிலோ கேட்ட ஆள் அவர் அனுபவத்தில் நான்தான் முதல்.

சாடேசாதியா என்று தணிந்த குரலில் கேட்டார். நம் ஏழரை நாட்டுச் சனிதான். நான், ஆமாம், ரத்தத்தில் இருக்கிறது என்றேன். பாவம், மனிதர் கலங்கிவிட்டார். சனிக்குப் போடும் கறுப்பு உளுந்து ஒரு பொட்டலமும் எருக்கிலை மாலை ஒன்றும் தாமாகவே எடுத்து, காசு வேண்டாம் என்று கையில் திணித்தார். எருக்கிலை மாலையும் ஐந்து கிலோ டின்னுமாக நான் சைக்கிளில் வந்த காட்சியைக் கட்கியே பார்த்தது.

மனைவி டின்னைத் திறந்து மோந்து பார்த்து மூடினாள். இது விளக்கெரிக்க வந்தது, வயிற்றுக்கு ஆகாது. இதைச் சனிக்கு ஊற்றினாலும் அவர் கோபித்துக்கொள்வார் என்றாள். டின்னைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர், பலித்துவிட்டதா, அதற்குள்ளேயா என்று ஆச்சரியப்பட்டார். பிறகு அவரே, பிம்ப்ரி போகும் வழியில் ஒரு செக்கு இருப்பதைச் சொன்னார். அங்கே பஸ்ஸில் போய், எள்ளோடு ஒரு வெல்லக்கட்டியும் போட்டு ஆட்டச் சொல்லி, மனைவி பக்கத்திலேயே நின்று வாங்கிவந்தாள். கருப்பட்டி கிடைக்காத குறை அவளுக்கு. எனக்கு ஒரு குறையும் இல்லை. இட்லிக்கு மிளகாய்ப்பொடியைக் குழைக்க அந்த எண்ணெயை விட்டபோது எழுந்த வாசனைக்கு, கொழுப்பைக் குறைக்கும் மருந்து இது என்று எந்தக் கோர்ட்டிலும் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

அதற்கும் அளவு வைத்தாள். குழிக்கரண்டியை ஒளித்துவைத்துவிட்டுத் தேக்கரண்டியைத் தந்தாள்.

தொழிற்சாலையில் நான் சனி பக்தனாகிவிட்டேன் என்று பரவியது. தீயணைப்புக் குழுவில் எனக்குக் கீழே குழாய் பிடிப்பவர் ஒரு மராத்திக்காரர். என்னை அண்ணா என்பார். அந்த ஊரில் தெற்கத்திக்காரர் எல்லாரும் அண்ணாதான். அவர் தினமும் காலையில், அண்ணா, சனி இப்போது எந்த வீட்டில் இருக்கிறார் என்று கேட்பார். என் வீட்டில்தான், சமையலறையில், ஜாடிக்குள் என்பேன். கேன்டீனில் வேண்டுமென்றே என் மூக்குக்கு நேரே பஜ்ஜித் தட்டை நீட்டுவார்கள். நான் என் டிபன் பெட்டியைத் திறந்து எண்ணெய் பூசின இட்லியை அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவேன். சில நாளில் இட்லி தீர்ந்துபோகும். பஜ்ஜி அப்படியே இருக்கும். பார்க்கிறேன், யார் யாரை ஸ்டோருக்கு அனுப்புகிறார்கள் என்று வண்டியைத் துடைக்கும்போது அதனிடம் சொல்வேன்.

சனி விஷயம் எங்கள் சபைக்கும் போய்விட்டது. தமிழ் ஆராதனைக்கு வரும் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஒரு வீட்டில் தும்மினால் இன்னொரு வீட்டில் கேட்கும். ஞாயிறு மாலை போதகர் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் முதலில் பள்ளி பற்றிப் பேசினார், பிறகு குளிர் பற்றி, பிறகு மனிதனுக்குச் சோதனைக் காலம் வருவது பற்றி. அந்த நேரத்தில் மனிதன் கண்ட வாசலிலும் போய் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு வந்தால் பாவம் என்று அடக்கிக்கொண்டிருந்தேன்.

மனைவிதான் உடைத்தாள். "ஐயரே, அந்த எண்ணெய் சனிக்கு இல்ல, இவியளுக்கு. ரெண்டு பேருக்கும் பெரிசா வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

தோசையும் பொடியும் எண்ணெயும் வந்தன. ஐயரும் பாளையங்கோட்டைப் பக்கம்தான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவரும் அந்த வாசனையை மறந்திருந்தார். கண்டிக்க வந்த மனிதர் தட்டைக் காலி செய்தார். போகும்போது எனக்காக ஜெபம் செய்தார். அதில் செக்குக்குப் போகும் பஸ் எது என்றும் இடையில் கேட்டுக்கொண்டார்.

பிப்ரவரி பிறந்தது. ஜன்னல் விளிம்பில் இரவு உறைந்த தேங்காய் எண்ணெய் வெயில் ஏறியதும் உருகத் தொடங்கியிருந்தது. என் பேன்ட் இடுப்பும் தளர்ந்து, பெல்ட்டில் ஆணியால் ஒரு புது ஓட்டை போட்டுக்கொண்டேன். ரத்தம் கொடுக்கிற நாளில் பன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே தைரியமாகத்தான் இருந்தேன். ஆனால் அதற்கு முந்தின நாள் வண்டியைக் கழுவும்போது, கழுவின இடத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்ததைத் தீயணைப்புக் குழாய் பிடிக்கும் மராத்திக்காரர் பார்த்துவிட்டு, அன்று மட்டும் சனியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

முடிவுக் காகிதத்தோடு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. எண் இறங்கியிருந்தது. மாலை போட்டு வரவேற்கும் அளவுக்கு இல்லை. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவர் தன் வைத்தியத்தைத் தானே பாராட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"என்ன எண்ணெய் சாப்பிட்டே?"

"நல்லெண்ணெய் சார்."

"ஆமா, நான்தான் சொன்னேன். நல்ல எண்ணெய். எந்த எண்ணெய்?"

"நல்லெண்ணெய்தான் சார்."

"அரே, நல்லதுன்னு எனக்குத் தெரியும்பா. பேர். பேர் என்ன?"

"பேரே அதுதான் சார்."

அவர் என்னைக் கோமாளி என்று நினைத்திருக்க வேண்டும். அதில் தவறும் இல்லை. கடைசியில் அவர் முகம் வாடினாலும் பரவாயில்லை என்று மராத்தியில் சொன்னேன்: எள் எண்ணெய். பேனா மேசைக்கு வந்தது. மாருதிக்கு ஊற்றுகிற எண்ணெயையா என்றார், அவரும் மராத்தியில்.

அவர் சொன்னது கர்டி எண்ணெயாம். அந்தக் காலத்தில் புனேயில் இதயம் உள்ளவர் யாரானாலும் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது அதைத்தான். முள்செடி, ஆரஞ்சுப் பூ, அதன் விதையில் எடுப்பது. தமிழில் அதற்குக் குசும்பா எண்ணெய் என்று பெயர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஏற்கெனவே கொழுப்பு அதிகம் என்று வந்தவனுக்குக் குசும்பையும் சேர்த்து ஊற்றப் பார்த்திருக்கிறார்.

டாக்டருக்குச் சங்கடம். மேலே ஒரு பெரிய டாக்டர் இந்தக் காகிதத்தைப் பார்ப்பார். எந்த எண்ணெய்க்கு மாறினாய் என்ற இடத்தில் மாருதி எண்ணெய் என்று எழுதினால் சிரிப்பார்கள். கர்டி என்று எழுதிவிடுகிறேன், யாராவது கேட்டால் நீயும் கர்டி என்றே சொல், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார்.

புத்தியுள்ளவன் சரி என்றிருப்பான். எனக்கும் வாயில் சரி வந்துவிட்டது. ஆனால் கண்ணுக்குள் அந்த ஜன்னல் விளிம்பு வந்தது. குளிரில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டம்ளர் டம்ளராகச் சாய்த்துப் பார்த்தவள். பஸ்ஸில் போய் செக்கடியில் நின்றவள். தேக்கரண்டியோடு என் தலைமாட்டில் காவல் நின்றவள். அவள் பாஸான பரீட்சைக்கு வேறொரு எண்ணெயின் பெயரைப் போடுவதா?

"முடியாது சார்," என்றேன். "நல்லெண்ணெய்தான் சாப்பிட்டேன். நல்லெண்ணெய்னுதான் சொல்லுவேன்."

அப்படியானால் கையெழுத்துப் போட முடியாது என்றார். மூன்று மாதம் ஸ்டோரில் உட்கார்ந்து கர்டி சாப்பிட்டுவிட்டு வா, பார்க்கலாம்.

"ஸ்டோருக்குப் போறேன் சார். ஆனா சாப்பிடாததைச் சாப்பிட்டேன்னு சொல்லமாட்டேன்."

எழுந்தும் நின்றுவிட்டேன். வீரமாக நின்றேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எழுந்த வேகத்தில் பெல்ட்டையும் மீறிப் பேன்ட் சரிந்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடிதான் நின்றேன். அதைப் பார்த்தாரோ என்னவோ, உட்காரச் சொன்னார். எள் எண்ணெய் என்று யார் சொன்னது என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். ஜன்னல் விளிம்புக் கதையை முழுவதும் சொன்னேன். கெட்டி எண்ணெய் கூடாது என்று நீங்கள் சொன்னதால் என் மனைவி உறையவைத்துப் பார்த்தாள் என்று.

"கெட்டி நான் சொல்லலை," என்றார்.  பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

தொண்டை பார்க்க நாக்கை அழுத்தும் மரக்குச்சிகள் அவர் மேசையில் ஒரு டப்பா இருந்தன. அவற்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இதுதான் வனஸ்பதி, நெய், தேங்காய் எண்ணெய் என்றார். கொழுப்பு என்பது இந்த மாதிரி நீளநீளமான குச்சிகள்தான். நேராக இருப்பவை நெருக்கி அடுக்கிக்கொள்ளும், அதனால் உறையும். பிறகு சில குச்சிகளை நடுவில் முறித்து, ஒடிந்து விழாமல் வளைத்து, அடுக்கப் பார்த்தார். சரிந்தன. இது எண்ணெய். வளைவு இருப்பதால் நெருங்க முடியாது, குளிரிலும் ஓடும். நேர்க்குச்சிகள் அதிகமாக உள்ளே போனால் கல்லீரல் தன் கதவுகளைச் சாத்திக்கொள்கிறது. ரத்தத்தில் வருகிற கொலஸ்ட்ரால் உள்ளே போக வழியில்லாமல் தெருவிலேயே சுற்றுகிறது. வளைந்த குச்சிகள் அந்த இடத்துக்கு வந்தால் கதவு திறக்கிறது.

கர்டியில் பெரும்பாலும் இரண்டு வளைவுக் குச்சிகளாம். எள்ளில் ஒரு வளைவும் இரண்டு வளைவும் ஏறக்குறைய சரிசமம், நேர்க்குச்சி கொஞ்சம். இரண்டு வளைவு மட்டுமே இருந்தால் நல்லதா என்று கேட்டேன். அங்கேதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அது சீக்கிரம் காறிப்போகும், எல்லாம் கலந்து ஒரு சமநிலையில் இருப்பதுதான் சரியோ என்று இப்போது சிலர் பேசுகிறார்கள் என்றார். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள் என்று விரலை நீட்டினார். நீ ஊற்றிக்கொண்டதால் எண் இறங்கவில்லை. நீ விட்டதால் இறங்கியது. பஜ்ஜி, காரி பிஸ்கட், வனஸ்பதி டின். இந்த எண்ணெயையும் குழிக்கரண்டியால் ஊற்றினால் மறுபடி இங்கேதான் வருவாய்.

தேக்கரண்டிதான் சார் என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். கர்டி என்று எழுதவில்லை. எள் என்றும் எழுதவில்லை. ஆங்கிலத்தில் 'குட் ஆயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய டாக்டர் அதைக் கர்டி என்று படித்துக்கொள்வார். உன் மனைவி எப்படிப் படிப்பாளோ அப்படிப் படித்துக்கொள்ளட்டும் என்றார்.

மனைவியிடம் காட்டினேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் தமிழில் படித்தாள்.

மறுநாள் பயிற்சி நாள் இல்லை. ஆனாலும் பிரேக் சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, மணியடித்துக்கொண்டு பஜார் வழியாக ஒரு சுற்று ஓட்டினேன். மளிகைக் கடைக்காரர் வாசலுக்கு வந்து இரண்டு கையையும் கூப்பினார். சனி விலகிவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருக்கும்.

பிறகு எண்பதுகள் வந்தன. ரேஷன் கடையில் பாமாயில் கொடுத்தார்கள். வெளியே இதயப் படம் போட்ட டின்கள் வரத் தொடங்கின. சூரியகாந்தி, சோயா என்று வருடத்துக்கு ஒரு நல்ல எண்ணெய். வனஸ்பதி செய்பவர்கள் வளைந்த குச்சியை வலுக்கட்டாயமாக நிமிர்த்திவிடுகிறார்கள், நெய்யைவிட அது மோசம் என்பதெல்லாம் இன்னும் பிற்பாடு கேள்விப்பட்டேன். எனக்கு ஆச்சரியமாக இல்லை. கேன்டீன் வாணலியில் அது ஆறும்போது நான் பார்த்திருக்கிறேன்.

பாமாயில் வந்த வருடம் டிசம்பரில் நான் ரேஷன் வரிசையில் நின்று வாங்கிவந்து பெருமையாக நீட்டினேன். மலிவு, நிறமும் அழகு. மனைவி வாங்கிக்கொண்டாள். ஒரு டம்ளரில் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். காலையில் நான் வண்டிக்குக் கிளம்பும்போது கூப்பிட்டு, டம்ளரை என் கண்முன்னே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"என்ன வரிசையில நின்னியளோ," என்றாள்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, உனக்குக் கொழுப்பு அதிகம் என்றேன். ஆதாரம் இருந்தால் கொண்டுவாங்க என்றாள். என்னிடம் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன்.